வெளியூர்ப் பந்தயத்துக்குக் குடும்பமாகக் கிளம்பும்போது

மாவட்ட அளவில் ஓடும்வரை பிள்ளையின் பந்தயம் நமக்கு ஒரு பயணமே இல்லை. சுங்கை வேயில் இருந்து கெலானா ஜெயா எம்.பி.பி.ஜே. அரங்கத்துக்கு மோட்டார் சைக்கிளிலேயே போய்விடலாம். ஓடி முடித்த பிள்ளை மதியத்துக்குள் வீட்டுக்கு வந்து குளித்து, பாட்டி ஆக்கிய சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடும். சிலாங்கூர் அணிக்குத் தேர்வாகி, போட்டி ஈப்போவில், குவாந்தானில், அலோர் ஸ்டாரில் என்று கடிதம் வரும்போதுதான் வீடு கலகலத்துப்போகிறது. யார் கூடப் போவது, யார் லீவு எடுப்பது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும், சின்னவனை என்ன செய்வது என்று ஒரே இரவில் பத்துக் கேள்விகள் வந்துவிடும்.

அப்படிக் கடிதம் வந்த வீடுகளுக்காகவே இந்த அத்தியாயம். மகளோடு திடல்தடப் போட்டிகளுக்கும் மகனோடு பூப்பந்துப் போட்டிகளுக்கும் ஏழு ஆண்டுகள் அலைந்திருக்கிறேன். அதில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: ஊர் புதிது, அரங்கம் புதிது, எதிராளிகள் புதிது என்றிருக்கும் இடத்தில், பிள்ளைக்கு அந்த நாளைப் பழகிய நாளாக ஆக்கிக் கொடுப்பதுதான் கூடப் போகும் குடும்பத்தின் வேலை. ஓட வைப்பது பயிற்றுநரின் வேலை. பசி, தூக்கம், பயம் இவற்றைப் பார்த்துக்கொள்வது நம் வேலை.

சென்னையைச் சேர்ந்த சதுரங்க வீரர் பிரக்ஞானந்தாவின் தாயார் நாகலட்சுமியைப் பற்றிப் பலரும் படித்திருப்பீர்கள். மகனோடும் மகள் வைஷாலியோடும் வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போகும்போது மின்னடுப்பையும் பாத்திரங்களையும் கையோடு எடுத்துப் போய், விடுதி அறையிலேயே சோறும் ரசமும் வைத்துக் கொடுப்பவர். 2023 ஆகஸ்டில் பாக்குவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் மகன் இறுதிச் சுற்றுவரை போனபோது, செய்தியாளர்கள் மகனைச் சூழ்ந்திருக்க ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்த அவர் படம் உலகமெங்கும் பரவியது. ஆட்டத்தைப் பற்றி அவர் மகனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்தாலும் சாப்பாட்டு வேளை வீட்டுச் சாப்பாட்டு வேளையாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டார். இன்னொரு சென்னைச் சதுரங்க வீரர் குகேஷின் தந்தை ரஜினிகாந்த் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். மகனோடு போட்டிகளுக்குப் போவதற்காகத் தம் தொழிலையே நிறுத்தி வைத்தவர். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் மகன் உலக வெற்றியாளர் ஆனபோது அவர் நின்றது ஆட்ட அறைக்கு வெளியே. எல்லாரும் வேலையை விட்டுவிட முடியாது, விட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இருவரும் நின்ற இடத்தைக் கவனியுங்கள். குடும்பத்துக்கு உரிய இடம் அதுதான்.

பள்ளியிடம் முதலில் கேட்க வேண்டியவை

வெளியூர்ப் போட்டி இரண்டு வகை. ஒன்று பள்ளி வழியாகப் போவது. எம்.எஸ்.எஸ்.டி. என்னும் மாவட்ட அளவில் தொடங்கி, மாநில அளவு கடந்து, எம்.எஸ்.எஸ்.எம். என்னும் தேசிய அளவுவரை போகிறது. இதில் பிள்ளை அணியோடு பேருந்தில் போகும், அணியோடு தங்கும், அணியோடு சாப்பிடும். நாம் தனியாகப் போய்த் தனியாகத் தங்கிக்கொள்கிறோம். இன்னொன்று, சங்கங்களும் கழகங்களும் நடத்தும் பொதுப் போட்டி. பூப்பந்து, சுவர்ப்பந்து, கராத்தே, சதுரங்கம் எல்லாம் இதில் வரும். இங்கே பதிவுக் கட்டணத்தில் இருந்து படுக்கைவரை எல்லாமே நம் தலையில்.

பள்ளி அணி என்றால் அணி மேலாளரான ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசுங்கள். அணி எங்கே தங்குகிறது, எந்த நேரத்தில் பெற்றோர் போய்ப் பார்க்கலாம், உணவு யார் தருகிறார்கள், பிள்ளையின் தகுதிச் சுற்று எந்த நாள் எத்தனை மணிக்கு, போட்டி முடிந்ததும் பிள்ளையை நாம் அழைத்துப் போகலாமா, அதற்கு எழுத்துமூலம் அனுமதி வேண்டுமா. கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. போட்டி முடிந்த களைப்பில், பேருந்து கிளம்பும் அவசரத்தில், அரங்க வாசலில் நின்றுகொண்டு ஆசிரியரிடம் "நாங்களே கூட்டிட்டுப் போறோம் சார்" என்று சொன்னால் அவரால் ஒப்புக்கொள்ள முடியாது. முப்பது நாற்பது பிள்ளைகளுக்குப் பொறுப்பாக வந்தவர் அவர்.

பிள்ளையை அணியிடம் இருந்து பிரித்து நம்மோடு தங்க வைக்கக் கேட்காதீர்கள். என் மகள் முதன்முறை மாநில அணியோடு போனபோது நான் கேட்டேன். ஆசிரியர் பொறுமையாக மறுத்தார். அன்றிரவு அவள் அஞ்சலோட்டத் தோழிகளோடு பேசிச் சிரித்துத் தூங்கியதுதான் மறுநாள் அவர்கள் குச்சியை நழுவவிடாமல் ஓடியதற்குக் காரணம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆவணங்களில் ஓர் எச்சரிக்கை. தீபகற்பத்தில் இருந்து சபா, சரவாக் போகும் மலேசியர்களும் அங்கே குடிநுழைவு முகப்பைக் கடந்துதான் போக வேண்டும். பெரியவர்களுக்கு மைகார்டு அல்லது கடப்பிதழ் போதும். 12 வயதாகாத தம்பி தங்கைக்கு மைகார்டு கிடையாது. பிறப்புப் பத்திரத்தின் அசல் கையில் இருக்க வேண்டும், கடப்பிதழ் இருந்தால் இன்னும் நிம்மதி. மாநிலங்கள் மோதும் சுக்மா விளையாட்டுப் போட்டி 2024இல் சரவாக்கில் நடந்தது. அதுபோல் கடல் தாண்டிய போட்டி அடிக்கடி வரும். அடையாள ஆவணச் சிக்கல் உள்ள பிள்ளைகளும் நம் சமூகத்தில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீடு உங்களுடையது என்றால் அணிப் பட்டியல் போகும் வாரம்வரை காத்திருக்க வேண்டாம். ஆண்டுத் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். திறமையுள்ள பிள்ளை ஒரு தாள் இல்லாததால் பேருந்தை விட்டு இறங்குவதைப் போல வலிக்கும் காட்சி வேறில்லை.

எப்படிப் போவது

சுங்கை வே ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு. ஸ்ரீ செத்தியா கொம்யூட்டர் நிலையத்தில் ஏறினால் நேரே கே.எல். சென்ட்ரல். அங்கிருந்து இ.டி.எஸ். ரயிலில் ஈப்போவுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அதே தண்டவாளம் அலோர் ஸ்டாரைத் தாண்டிப் பாடாங் பெசார்வரை போகிறது. காலை நீட்டி உட்காரலாம், எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு. ஓடப்போகும் கால்களுக்குக் காரைவிட ரயில் நல்லது என்பது என் முடிவு. ஆனால் பள்ளி விடுமுறையிலும் பெருநாள் காலத்திலும் இ.டி.எஸ். டிக்கெட் வேகமாகத் தீர்ந்துவிடும். கடிதம் வந்த அன்றே வாங்கிவிடுங்கள். கொம்யூட்டர் தாமதமாக வரும் நாளும் உண்டு. ஆகவே தேவைப்படும் ரயிலுக்கு முந்தைய ரயிலில் ஏறுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேருந்து என்றால் பண்டார் தாசேக் செலாத்தானில் உள்ள டி.பி.எஸ். முனையம். காரில் போனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கட்டாயம் நிறுத்துங்கள். வடக்கே தாப்பா, சுங்கை பேராக், தெற்கே ஆயர் கெரோ, மாச்சாப் ஓய்விடங்களில் பிள்ளையை இறக்கி ஐந்து நிமிடம் நடக்கவிடுங்கள். பின் இருக்கையில் காலை மடக்கிக்கொண்டு நான்கு மணி நேரம் தூங்கிய பிள்ளைக்கு மறுநாள் தொடை இறுகிப்போயிருக்கும். எங்களுக்கு அது நடந்திருக்கிறது. டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

எதில் போனாலும் போட்டிக்கு முதல் நாள் நண்பகலுக்குள் ஊர் சேர்ந்துவிட வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி அதே நாள் ஓட வைக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் ஓர் இரவு அறை வாடகையை மிச்சம் பிடித்து, பல மாதப் பயிற்சியை வீணாக்குகிறார்கள்.

கெடா, கிளந்தான், திரங்கானு மூன்று மாநிலங்களிலும் வார விடுமுறை வெள்ளி, சனி. வெள்ளிக்கிழமை நண்பகலில் பல கடைகளும் கிளினிக்குகளும் சாத்தியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை நாள், காலையில் சாலை நெரிசலாகவும் இருக்கும். தேவையான பொருள்களை வியாழன் மாலையே வாங்கி வைப்பது நல்லது.

தங்கும் இடம்

போட்டிப் பட்டியலைப் பார்த்துவிட்டு அறை எடுங்கள். திடல்தடத்தில் தகுதிச் சுற்று ஒரு நாள், இறுதிச் சுற்று மறுநாள் என்று வரலாம். பூப்பந்து, சுவர்ப்பந்து போன்றவற்றில் முதல் சுற்றிலேயே தோற்றால் பிள்ளையின் போட்டி காலை பத்து மணிக்கே முடிந்துவிடும்; மூன்று இரவுக்கு முழுப்பணம் கட்டியிருந்தால் அது திரும்பாது. ரத்து செய்யக்கூடிய அறையாகவே எடுங்கள், கொஞ்சம் கூடுதல் விலையானாலும் பரவாயில்லை. இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. "மூணு நாளுக்குக் காசு கட்டியாச்சு, ஜெயிச்சிடு" என்ற எண்ணம் பெற்றோர் முகத்தில் தெரியாது. பிள்ளைகள் அதை எளிதில் படித்துவிடுவார்கள்.

அரங்கத்துக்கும் அறைக்கும் கால் மணி நேரத்துக்கு மேல் தூரம் வேண்டாம். நகர நடுவில் இருக்கும் சில விடுதிகளில் சனிக்கிழமை இரவு கல்யாண விருந்து நடக்கும், நள்ளிரவுவரை மேளமும் பாட்டும் ஓயாது. நாங்கள் ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டு, தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு விடியவிட்டோம். அதன்பிறகு பதிவு செய்யும்போதே "அன்று ராத்திரி மண்டபத்துல நிகழ்ச்சி இருக்கா?" என்று தொலைபேசியில் கேட்டுவிடுவது எங்கள் வழக்கம். பல விடுதிகள் அறையில் சமைக்க விடுவதில்லை. சமைக்க நினைப்பவர்கள் அடுப்படி உள்ள ஹோம்ஸ்தேயைத் தேடுங்கள். பிள்ளையின் தலையணையை வீட்டில் இருந்தே எடுத்துப் போங்கள். பார்ப்பதற்குச் சின்ன விஷயம், ஆனால் புது ஊரில் பிள்ளை தூங்குவதற்கு அதைவிட உதவும் பொருளை நான் கண்டதில்லை.

சாப்பாடு

இதில்தான் நல்ல எண்ணத்தோடு நாம் அதிகம் தவறு செய்கிறோம். போட்டிக்கு முதல் நாள் மாலை, "இவ்வளவு தூரம் வந்துட்டோம், இந்த ஊர் சாப்பாட்ட ருசி பார்க்காம எப்படி?" என்று பினாங்கில் நாசி கண்டாரையும் ஈப்போவில் கோழியும் தவ்கேயையும் தேடிப் போவோம். எண்ணெயும் மிளகாயும் பழகாத வயிறு காலையில் தகராறு செய்யும். ஊர் ருசியைப் போட்டி முடிந்த மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் பிள்ளைக்கு வாய் பழகிய உணவு மட்டுமே.

பெரிய சாப்பாடு போட்டிக்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன் முடிந்திருக்க வேண்டும். காலை பத்து மணி ஓட்டம் என்றால் ஆறரைக்குப் பசியாறிவிட வேண்டும். இட்லி, எண்ணெய் குறைந்த தோசை, ரொட்டியும் ஜாமும், அவித்த முட்டை, வெறும் சோற்றில் ரசம் எல்லாம் சரி. ரொட்டி சானாயும் தேங்காய்ப் பாலில் வெந்த நாசி லெமாக்கும் அன்றைக்கு வேண்டாம். கொழுப்பு வயிற்றில் தங்கிக் கனக்கும். ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு பசித்தால் ஒரு வாழைப்பழம். தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்க வைக்காமல் காலையில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதிய தண்ணீர் போயிருக்கிறது. அரங்க வாசலில் இலவசமாகத் தரும் புதுப் பானங்களைப் போட்டிக்கு முன் தொட வேண்டாம். மைலோ வண்டி நின்றால் ஓடி முடித்த பிறகு குடிக்கட்டும், அதுதான் நாமெல்லாம் பள்ளி விளையாட்டுப் போட்டியில் குடித்த நேரமும்கூட.

ஈப்போ, பினாங்கு, ஜொகூர் பாரு, சிரம்பான் நகரங்களில் நம் உணவகத்தைத் தேடிச் சிரமப்பட வேண்டியதில்லை. கிழக்குக் கரைக்குப் போகும் சைவக் குடும்பங்கள் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். பிளாஸ்க்கில் சுடுதண்ணீர், ரசப்பொடி, வறுத்த அவல், பழம் இவற்றை வைத்தே இரண்டு நாள் ஓட்டியிருக்கிறோம். நோன்பு மாதத்தில் பகல் சாப்பாட்டுக் கடைகள் குறைவாகவே திறந்திருக்கும். அந்தக் காலத்தில் போட்டி விழுந்தால் மதியச் சாப்பாட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். நோன்பு இருக்கும் அணித் தோழர்களுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம் என்று பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

மருந்து பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுக்மா போன்ற பெரிய போட்டிகளில் ஊக்கமருந்துச் சோதனை உண்டு. நாட்டில் இதைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு அடாமாஸ். மருந்தகத்தில் சாதாரணமாக வாங்கும் மூக்கடைப்பு மாத்திரைகள் சிலவற்றில் சூடோஎபெட்ரின் இருக்கிறது. போட்டிக் காலத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் உடம்பில் இருந்தால் அது தடை செய்யப்பட்ட பொருள். தடைப்பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 முதல் புதுப்பிக்கப்படுகிறது, ஆகவே போன ஆண்டு ஒன்றும் ஆகவில்லை என்பது பதிலாகாது. பிள்ளைக்குச் சளி பிடித்தால் அணி மருத்துவரிடமோ பயிற்றுநரிடமோ கேட்காமல் ஒரு மாத்திரையும் கொடுக்காதீர்கள். உடம்பு தேற என்று உறவினர் வாங்கித் தரும் பெயர் தெரியாத பொடிகளும் லேகியங்களும் இதில் அடங்கும். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியாது. சோதனைக்கு அழைத்தால் பயப்பட ஒன்றுமில்லை. வயது குறைந்த வீரருடன் பெரியவர் ஒருவர் கூட இருக்க உரிமை உண்டு.

அரங்கத்தில்

முதல் நாள் மாலையே பிள்ளையோடு அரங்கத்துக்குப் போய் ஒரு சுற்று நடந்து பாருங்கள். கழிப்பறை எங்கே, ஓடுவதற்கு முன் பெயர் கொடுக்கும் அழைப்பு அறை எங்கே, நிழல் எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டால் மறுநாள் பாதிப் பதற்றம் குறையும். அழைப்பு அறைக்குள் போய்விட்டால் பிள்ளை நம் கையில் இல்லை. எண் பட்டை, ஆணிச் சப்பாத்து, ஊசிகள் எல்லாம் பையில் இருக்கிறதா என்று வெளியிலேயே பார்த்துவிடுங்கள். என் மகள் ஒருமுறை இடது சப்பாத்து இரண்டை எடுத்து வந்துவிட்டாள். அணித் தோழி ஒருத்தி தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்ததால்தான் அன்று ஓட முடிந்தது.

படிக்கட்டில் இருந்து கத்துவதைப் பற்றி. உற்சாகப்படுத்தலாம், பெயர் சொல்லிக் கூப்பிடலாம். "கைய வீசு, முன்னால பார், இப்ப வேகமெடு" என்று கட்டளை போடக் கூடாது. பயிற்றுநர் ஒன்று சொல்லியிருப்பார், அப்பா வேறொன்றைக் கத்துவார், பிள்ளை நடுவில் தடுமாறும். என் வீட்டுக்காரர் இளமையில் தோட்டத்துக் காற்பந்து அணியில் ஆடியவர், அவரால் சும்மா உட்காரவே முடியாது. மகள்தான் ஒருநாள் சொன்னாள்: "ப்பா, நீங்க கத்துனா எனக்கு உங்க குரல் மட்டும்தான் கேக்குது." அன்றிலிருந்து அவர் நிறுத்தற்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

முடிவில் தவறு இருப்பதாகத் தோன்றினால் நாமே நடுவரிடம் போகக் கூடாது. திடல்தட விதிப்படி முடிவை அதிகாரபூர்வமாக அறிவித்த 30 நிமிடத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும், அதை அணி மேலாளர்தான் செய்வார். நம்மிடம் காணொளி இருந்தால் அவரிடம் காட்டிவிட்டு ஒதுங்கிவிடுவது நல்லது.

வெயிலையும் இடியையும் லேசாக எடுக்காதீர்கள். காலையில் வெயில் கொளுத்தும், மாலையில் இடியோடு மழை இறங்கும், இது நம் நாட்டு வழக்கம். இடிச்சத்தம் கேட்டதும் திறந்த படிக்கட்டை விட்டுக் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். ஓடி முடித்த பிள்ளை குழப்பமாகப் பேசினாலோ தள்ளாடினாலோ அதைக் களைப்பு என்று எண்ணிவிடாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய்க் குளிர்ந்த தண்ணீரால் உடம்பு முழுவதும் நனைத்தபடியே மருத்துவக் குழுவை அழையுங்கள். வெப்பத் தாக்கில் உடம்பைக் குளிர்விப்பதுதான் முதல் சிகிச்சை. அவசர எண் 999. கணுக்கால் பிசகினால் துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கால் மணி நேரம் வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். பாட்டி தைலத்தோடு ஓடி வருவார். அன்றைக்கும் மறுநாளும் தேய்த்துவிடக் கூடாது, வீக்கம் கூடும். தைலத்தைப் பிறகு தேய்க்கலாம் என்று அவர் மனம் நோகாமல் சொல்லிவிடுங்கள்.

தம்பி தங்கைகள்

போட்டியில் இல்லாத பிள்ளையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அக்காவுக்காக லீவு, அக்காவுக்காக அறை, அக்காவுக்கு முதல் தோசை. எங்கள் மகன் எட்டு வயதில், குவாந்தான் போகும் வழியில் தெமர்லோ பக்கம் கார் போய்க்கொண்டிருந்தபோது, "நான் எதுக்கு வர்றேன்?" என்று கேட்டான். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு காரியம் செய்தோம். ஒவ்வொரு பயணத்திலும் அவனுக்கென்று அரை நாள் ஒதுக்கினோம். குவாந்தான் என்றால் தெலுக் செம்பெடாக் கடற்கரை, ஈப்போ என்றால் சாம் போ தோங் குகைக் கோயில், அலோர் ஸ்டார் என்றால் கோபுரம். அந்த அரை நாளில் பந்தயப் பேச்சு எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டுக்கொண்டோம். அடுத்து அவனுக்கு ஒரு வேலை கொடுத்தோம். பையில் பொருள்களைச் சரிபார்த்து எண்ணுவது அவன் பொறுப்பு. இரண்டு இடது சப்பாத்து சம்பவத்துக்குப் பிறகு அந்த வேலைக்கு வீட்டில் பெரிய மரியாதை வந்துவிட்டது. பரீட்சை வாரத்தில் சின்னப் பிள்ளையை இழுத்துப் போகாதீர்கள். தாத்தா பாட்டி வீட்டிலோ அத்தை வீட்டிலோ விட்டுவிட்டுப் பெற்றோரில் ஒருவர் மட்டும் போகலாம். குடும்பம் முழுக்க ஒவ்வொரு போட்டிக்கும் போக வேண்டும் என்று சட்டமில்லை. ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ போதும்.

செலவும் சான்றிதழும்

ஒரு சிறு நோட்டில் எழுதுங்கள்: பதிவு, பயணம், அறை, சாப்பாடு, மருந்து, தேய்ந்துபோன சப்பாத்து. ஆண்டுக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் அடுத்த ஆண்டுக்கு மாதாமாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பது தெரியும். கடன் வாங்கிப் போகாதீர்கள். பணம் இல்லாத மாதத்தில் பிள்ளை அணியோடு மட்டும் போகட்டும், தொலைபேசியில் பேசுங்கள், அதுவும் ஆதரவுதான். ஒரே ஊருக்குப் போகும் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஹோம்ஸ்தே வீட்டை எடுத்தால் செலவு வெகுவாக இறங்கும், சமையலும் பகிர்ந்துகொள்ளலாம்.

சான்றிதழ்களைத் தொலைத்துவிடாதீர்கள். பொதுப் பல்கலைக்கழக நுழைவு மதிப்பெண்ணில் கல்விக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு. மாநில, தேசிய அளவுச் சான்றிதழ்களுக்கு அங்கே மதிப்பு உண்டு. அசலை ஓர் உறையில் வைத்து, படமும் எடுத்துச் சேமித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில்

கிள்ளானில் பிறந்த பூப்பந்து வீராங்கனை தீனா முரளிதரன், இரட்டையர் இணை பெர்லி டானோடு சேர்ந்து 2022 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தோடு திரும்பினார். 2025இல் உலக வெற்றியாளர் போட்டியில் வெள்ளி பெற்றார். ஒலிம்பிக் பதக்கத்துக்கு ஓரடி தள்ளி நின்று ஊர் திரும்புவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இவர்கள் அளவுக்கு வராத நம் பிள்ளைகளுக்கும் அதே தோல்விதான், அதே நீண்ட பயணம்தான்.

தோற்ற பிள்ளை காரில் ஏறியதும் எதையும் ஆராயாதீர்கள். "ஏன் கடைசி நூறு மீட்டர்ல விட்டுட்ட?" என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் அது உண்மையாக இருக்காது. ஆறுதல் சொல்லும் அவசரத்தில் "பரவாயில்ல, அடுத்த முறை தங்கம்" என்று சொல்லிவிட்டால் அடுத்த பந்தயத்தின் பாரத்தை அன்றைக்கே தலையில் ஏற்றிவிடுகிறோம். சாப்பிடுகிறாயா என்று கேளுங்கள். தூங்கட்டும். பேச நினைத்தால் அதுவே பேசும். என் மகள் ஈப்போவில் இறுதிச் சுற்றில் ஏழாவதாக வந்த நாள் தாப்பா ஓய்விடம்வரை வாய் திறக்கவில்லை. அங்கே ஒரு கோப்பை மைலோவை வைத்துக்கொண்டு, "ம்மா, மூணாவது தடத்துல ஓடுன பொண்ணு என்னவிட ஒரு வயசு சின்னவ, தெரியுமா?" என்றாள். அதன்பிறகு வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தாள்.

வென்ற பிள்ளையிடமும் நிதானம் தேவை. அதிகாரபூர்வ முடிவு வருவதற்கு முன் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். பிள்ளையின் படம், பள்ளி, தங்கும் இடம் எல்லாவற்றையும் சேர்த்து ஊருக்கே அறிவிக்கவும் வேண்டாம்.

வீடு வந்ததும் ஆணிச் சப்பாத்தைத் துடைத்து நிழலில் காய வையுங்கள். வெயிலில் வைத்தால் ஒட்டிய அடி பிரிந்துவிடும். ஆசிரியருக்கும் பயிற்றுநருக்கும் ஒரு நன்றிச் செய்தி அனுப்புங்கள். மறுநாள் காலை பிள்ளை வழக்கம்போல் பள்ளிக்குப் போகட்டும்.